பின்வரிசை, இடப்பக்கம்

எலியாவா சந்தையில் இரண்டு தகடுகளை எடுத்துப் போட்டான்.
ஒன்று மலிவு. முகர்ந்தேன்:
புதுச்சாலை வாசனை. தார்.
ஆகஸ்ட் வெயிலில் உருகிக் கதவுக்குள் வழியும்,
கண்ணாடி இறங்கும் பள்ளத்தில் தேங்கும் என்று
எங்கள் ஆல்வானியில் ஏற்கெனவே ஒருவன் அழுதாயிற்று.
மற்றது பியூட்டைல். முதுகில் அலுமினியத்தாள்.
ஓரத்தைக் கிள்ளி இழுத்தால்
மனசில்லாமல் நீண்டு
மனசில்லாமல் திரும்பியது.
இதைக் கொடு என்றேன்.

"வண்டி முழுக்க மூட வேண்டாம்.
தகடு எங்கே அதிர்கிறதோ அதன் நடுவில்
மூன்றில் ஒரு பங்கு போதும்" என்றான்.
தன் சரக்கைத் தானே குறைத்து விற்ற கடைக்காரனை
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எங்கள் டெலிக்கா ஜப்பானில் பிறந்தது.
என்ஜின் எங்கள் இருவர் இருக்கைக்கும் அடியில்.
பதினோரு கோடைகள்
பின்னால் ஆறு பயணிகளோடு
அபானோ கணவாயை ஏறி இறங்கினோம்,
வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல.
எங்கள் உரையாடல் இவ்வளவுதான்:
என்ன?
என்னது?
ஒன்றுமில்லை, ரோட்டைப் பார்.

கணவாயின் பனி வழிவிடாத மே மாதம்
இருக்கைகளைக் கழற்றி முற்றத்தில் வைத்தோம்.
கோழிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன.
எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் ஒட்டும் என்பதால்
மைத்துனர் காய்ச்சிய திராட்சைச் சாராயத்தால்
தரையைத் துடைத்தேன்.
வண்டிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்று
அவர் ஒரு வாரம் பேசவில்லை.

சுண்டினால் கூரை 'டங்ங்ங்' என்றது.
மக்வலா தலைமுடி உலர்த்தியால் சூடு காட்ட,
நான் ஒட்டி, கை உருளையால்
தாளின் கட்டம்போட்ட மேடுகள் மறையும்வரை தேய்த்தேன்.
மறுபடி சுண்டினால் 'தொப்'.
பிசைந்த மாவில் குத்தியது போல.
அதன்மேல் நுரை. தரையில் கனத்த ரப்பர் விரிப்பு.
கதவடியில் ஒரு துளையை நான் மூடப் போனபோது
அவள் விரலை வைத்துத் தடுத்தாள்:
"உள்ளே வந்த மழை எப்படி வெளியே போகும்?"

ஜூனில் முதல் பயணம்.
ஸ்டோரி ஆறு பக்கத்தில் ஓடுவது
கண்ணுக்கு மட்டுமே தெரிந்திருந்தது, அன்று கேட்டது.
கிளட்ச் தேய்வது கேட்டது. அது செலவு.
போலந்துப் பெண் ஆப்பிள் கடிப்பது கேட்டது.
அப்புறம் என் பக்கத்திலிருந்து, தணிந்த குரலில்:
"வீட்டை நீயே வைத்துக்கொள் எதேரி,
கம்பளத்தையாவது தந்திருக்கலாம்,
அம்மா சாகும்போது உன் பெயரையா சொன்னாள்..."

திரும்பிப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

எதேரி அவள் தங்கை. கிரேக்கத்தில் இருக்கிறாள்.
பேச்சுவார்த்தை நின்று பல வருஷம்
என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஓமாலோ வரை மக்வலா வாய் திறக்கவில்லை.
இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய அமைதியில்
அவள் எச்சில் விழுங்குவது வரை கேட்டது.
பயணிகளை இறக்கிவிட்டுச் சொன்னாள்:
"இந்த இரைச்சலில் எனக்கு ஓர் அறை இருந்தது, ஜும்பெர்.
நீ சுவரை இடித்துவிட்டாய்."

ஒட்டும்போது கெஞ்சுகிற பியூட்டைல்
உரிக்கும்போது மிஞ்சும்.
பின்வரிசை இடப்பக்கம், சக்கரத்துக்கு மேலே,
இரண்டு இரவுகள் சுரண்டினேன்.
நகத்துக்குள் கறுப்பு ஒரு மாதம் போகவில்லை.
அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
வெற்று இரும்பு தெரிந்தது.
ஜல்லி தெறித்தால் அங்கே மட்டும் ஆலங்கட்டி மழை.

அந்த இருக்கைக்கு இப்போது ஆள் ஏற்றுவதில்லை,
ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று பொய் சொல்கிறேன்.
காலி வண்டியோடு இறங்கும்போது
மூன்றாம் வளைவில் நிறுத்தச் சொல்வாள்.
இறங்கி, பின்னால் போய் உட்காருவாள்.

கண்ணாடியில் உதடுகள் அசைந்தன.
ஒரு கையையும் ஆட்டிப் பேசினாள்.
எதிரே லாரி ஏதும் இல்லை.
கண்ணாடியைச் சற்று மேலே திருப்பிவைத்தேன்,
கூரை மட்டும் தெரியும்படி.